திருகோணமலை ஸ்டேஷனை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் கட்டியதுபோல இங்கேயும் புது ஸ்டேஷன் வேண்டும் என்கிறீர்கள். இரவுக் கோச்சிக்குக் காத்திருந்து, உட்கார வாங்கு கிடைக்காத எரிச்சலில் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எரிச்சல் நியாயம்தான். ஆனால் "இடித்துவிட்டு" என்ற சொல் எனக்கு நோகுது. என் அப்பா இந்தப் பாதையில் தண்டவாள வேலை செய்து பென்ஷன் எடுத்தவர்.

யாழ்ப்பாணத்துக் கதை வேறு. 1990 யூனில் சண்டையோடு அங்கே கோச்சி நின்றது, ஸ்டேஷனும் சிதைந்துபோனது. இந்தியக் கடனுதவியில் திரும்பக் கட்டி 2014 ஒக்டோபரில் திறந்தார்கள். அங்கே வேறு வழி இருக்கவில்லை. கல்லோயாவில் பிரிந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா என்று வரும் எங்கள் பாதை 1927இல் திறந்தது. எங்கள் ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது.

சின்ன வயதில் அப்பா என்னைச் சீனன்குடாவுக்குக் கூட்டிப் போவார். நிலைய அதிபர் மெசினிலிருந்து டெப்லட்டை, அதாவது கோச்சி போக அனுமதி தரும் வட்டத் தகட்டை எடுத்து, வளையத்தில் தொங்கும் தோல் பையில் போட்டு ட்ரைவரிடம் நீட்டுவார். "இது கையில இல்லாம கோச்சி அசையக்கூடாது, மகன்" என்பார் அப்பா. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷனுக்கு இடைப்பட்ட ஒரு துண்டுக்கு ஒரு டெப்லட்தான் வெளியே வரும். அடுத்த ஸ்டேஷன் மெசினில் அதைப் போடும்வரை இன்னொன்று வராது. இரண்டு கோச்சி முட்டாமல் இருந்தது அதனால்தான். கட்டிடத்தை இடிக்கும்போது இப்படியான மெசினும், தராசும், டிக்கெட் அலுமாரியும் பழைய இரும்பாகவும் விறகாகவும்தான் போகும்.

பழசைக் கட்டிப்பிடிக்கிறவன் என்று யாரும் கொமெண்டில் எழுத வேண்டாம். சுத்தமான கழிப்பறை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், நல்ல வாங்கு எல்லாம் கட்டாயம் வேண்டும். அவற்றைப் பழைய சுவரை உடைக்காமலே செய்யலாம். கடல் உப்புக் காற்றில் நிற்கிற சுண்ணாம்புச் சுவரென்றால் சீமெந்து பூசவே கூடாது. ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு கொட்டிவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்குச் சரி.

    

வேலை தொடங்குவதென்றால் முதலில் ஓய்வுபெற்ற றெயில்வே ஆட்களைக் கூட்டிப்போய் எது எங்கே இருந்தது என்று கேட்டு எழுதி, படமும் எடுக்க வேண்டும். அப்பாவோடு வேலை செய்த சிலர் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள்.