முடிச்சைப் போட்டீர்கள், பார்த்தீர்களா? பாறை ஏறுவோருக்கான கேள்வி பதில்

கொழும்பில் உட்புறச் சுவரில் பழகிவிட்டு, மழை ஓய்ந்ததும் மலைநாட்டுப் பாறைக்குப் புறப்படுகிறவர்கள் கேட்டவை இவை. வாசித்துவிட்டு வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து போட்டுப் பழகலாம். உயரத்தில் முதல் தடவை போடும்போது விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

வெள்ளவத்தையிலிருந்து: அண்ணா, ஹார்னஸில் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டுற பட்டி) கட்டுற எட்டு முடிச்சு எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருது. முடிச்சுக்கு வெளியே மிஞ்சுற வால் ஒருநாள் நாலு விரல், இன்னொரு நாள் முழங்கை நீளம். ஏன்?

தொடங்கும் இடம் மாறுவதால்தான். கயிற்று நுனியைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். நெஞ்சின் நடுவில் வரும் இடம்தான் முதல் எட்டுக்கு உரிய இடம். ஏறக்குறைய 80 முதல் 90 செ.மீ. அங்கே ஒரு கண்ணி வளைத்து, நுனியைத் தாய்க்கயிற்றை (மறுபக்கம் நீளும் நெடுங்கயிறு) முழுதாகச் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் விடுங்கள். அரைச் சுற்றோடு நுழைத்தால் எட்டு வராது, வெறும் முடிச்சுத்தான் வரும்.

அடுத்து நுனியைக் கீழிருந்து மேலாக, கால் பட்டிகளை இணைக்கும் கண்ணிக்குள்ளும் இடுப்புப் பட்டியின் கண்ணிக்குள்ளும் விட வேண்டும். பிலே லூப் (ஹார்னஸின் முன்னால், கருவியை மாட்டும் தையல் வளையம்) எந்த இரண்டுக்குள்ளால் போகிறதோ, அதே வழி. முதல் எட்டை உடம்புக்குக் கிட்ட இழுத்துவிட்டு, வால் புறப்பட்ட இடத்திலிருந்தே திரும்பி, இருக்கும் கயிற்றை ஒட்டியே போங்கள். இடையில் ஒரு வளைவைத் தாண்டிக் குதித்தால் பார்வைக்கு எட்டு மாதிரியே இருக்கும், ஆனால் எட்டாக இராது. அதனால் எண்ணுங்கள்: ஐந்து இடங்களில் கயிறு சோடி சோடியாக ஓட வேண்டும். சோடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒழுங்குபடுத்தி, வெளியே வரும் நான்கு இழைகளையும் தனித்தனியே இழுத்து இறுக்குங்கள். உடம்புப் பக்க வளையம் ஒரு கைமுட்டி அளவு. பெரிதானால் எதிலாவது கொளுவும். வால் 15 செ.மீ. இருந்தால் காணும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: சாரணர் பாசறையில போலைன் (கயிற்று நுனியில் இறுகாத வளையம் போடுற முடிச்சு) பழகினேன். அதையே ஹார்னஸுக்குப் போட்டால் என்ன, அண்ணா?

போலைன் நல்ல முடிச்சு, தம்பி. பல தடவை விழுந்த பிறகும் சுலபமாக அவிழும். சிக்கலும் அதில்தான். பாரம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தால் தானாகத் தளரும். வளையத்தை உள்ளிருந்து இரு பக்கமும் இழுத்தால் உருமாறிக் கழன்றும் போகலாம். எல்லாவற்றையும் விட, சரியாகப் போட்டதா என்று துணையால் ஒரே பார்வையில் சொல்ல முடியாது. மரத்தைச் சுற்றிக் கட்டப் பாவியுங்கள், இரட்டைப் போலைனாக, வாலைப் பூட்டி. இடுப்புக்கு எட்டு. பாசறையில் பழகிய ரீஃப் முடிச்சை உயிர் தொங்கும் எந்த இடத்திலும் போடாதீர்கள். அது பொதி கட்ட.

தெஹிவளையிலிருந்து: பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடையில 10 மி.மீ. “நைலோன்” கயிறு மலிவா இருக்கு. மேலே பிடிச்சு ஏறமட்டும்தானே?

வேண்டாம். அப்படி விற்கும் கயிறு பல நேரம் பொலிபுரொப்பிலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் நைலோன் இல்லை. மூழ்கினாலும் அது ஏறும் கயிறு ஆகிவிடாது. ஏறும் கயிறு நீண்டு கொடுத்து விழுகையின் அதிர்ச்சியை வாங்க வேண்டும். ஒற்றைக் கயிறு என்றால், 80 கிலோ எடையோடு சோதிக்கும் முதல் விழுகையில் அதிர்ச்சி 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது என்பது ஈ.என் 892 என்ற ஐரோப்பியத் தரம். அந்த எண் நுனிப் பட்டியில் அச்சிட்டிருக்கும். இல்லாவிட்டால் உடுப்புக் காயப்போடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: இறங்கும்போது இரண்டு கயிறு இணைக்க எட்டு முடிச்சு நல்லதா, சாதாரண முடிச்சா?

இதில்தான் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். இரண்டு நுனியையும் ஒரே பக்கமாக வைத்துப் போடும் தட்டை எட்டு, சாதாரண முடிச்சை விடப் பருமனானது; ஆனால் பாரம் வந்தால் உருளும். ஒவ்வொரு உருளலும் வாலில் ஒரு துண்டை விழுங்கும். வால் முடிந்ததும் கயிறு இரண்டாகும். உயிர்கள் போயிருக்கின்றன. தட்டையான சாதாரண முடிச்சைப் போடுங்கள்: வால் குறைந்தது 30 செ.மீ., நான்கு இழையும் தனித்தனியே இறுக்கி. முடிச்சு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதால் கயிற்றை இழுக்கும்போது பாறை விளிம்பில் அவ்வளவாகச் சிக்காது.

கீழ் நுனி இரண்டிலும் தனித்தனியே தடுப்பு முடிச்சு போட மறக்காதீர்கள்.

மட்டக்குளியிலிருந்து: கயிற்றைச் சுற்றிக் கட்டி, பாரம் வந்தால் இறுகிப் பிடிக்கிற புருசிக் முடிச்சு எனக்கு வழுக்குது.

10 மி.மீ. கயிற்றுக்கு 6 மி.மீ. தடிப்பு நாண், ஏறக்குறைய 1.5 மீட்டர், இரு நுனிகளையும் இணைக்கும் டபிள் பிஷர்மன் முடிச்சால் வளையமாக்கி. மூன்று சுற்று. கயிறு நனைந்திருந்தால் இன்னொரு சுற்று. சுற்றுகள் குறுக்கிட்டால் பிடிக்காது. இறங்கு கருவிக்குக் கீழே கட்டினால், தொங்கிப் பார்த்து நீளத்தை அளவிடுங்கள். கருவியில் முட்டினால் அது முடிச்சைத் தள்ளித் திறந்துவிடும். (1931இல் இதை வெளியிட்ட ஒஸ்திரியர் கார்ல் புருசிக்கின் பெயர்தான் இது.)

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா ஒருத்தி ஒவ்வொரு தடவையும் என்ர முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறா. பத்து வருசமா ஏறுறன், தேவையா?

தேவை. லின் ஹில், உலகின் முதல்தர ஏறுநர்களில் ஒருவர், 1989இல் பிரான்ஸின் புயூவில் கயிற்றை ஹார்னஸுக்குள் விட்டபின் கவனம் சிதறி முடிச்சை முடிக்கவில்லை. மேலங்கி அதை மறைத்தது. உச்சியில் கயிற்றில் சாய்ந்தபோது 20 மீட்டருக்கு மேல் விழுந்தார். மரக்கிளைகள் தடுத்ததால் பிழைத்தார். அனுபவம் முடிச்சைப் பூர்த்தி செய்வதில்லை. போடத் தொடங்கினால் சப்பாத்து நாடாவும் கதையும் பொறுக்கட்டும். அக்கா தொடட்டும், நீங்களும் அவருடையதைத் தொடுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: விழுந்த பிறகு எட்டு இறுகி அவிழ்க்கவே முடியுதில்லை.

நகத்தால் தோண்ட வேண்டாம். தாய்க்கயிற்றை முடிச்சுக்குள் கொஞ்சம் தள்ளுங்கள். பிறகு முடிச்சின் மேல் முனையில் வளைந்து நிற்கும் சோடியைப் பெருவிரலால் பின்னோக்கி மடக்குங்கள், கத்தரிக்காய்க் காம்பை ஒடிப்பது மாதிரி. மறு முனையிலும் அதேபோல். நனைந்தால் இன்னும் இறுகும். அப்படியானால் நிழலில் காயவிட்டு அவிழுங்கள்.