பாலக்காட்டு எல்லையில் வானொலிக் கச்சேரிகளைத் தெளிவாகக் கேட்பது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூரில் இருந்துகொண்டு ஆகாசவாணியின் கர்நாடக இசையை இரைச்சலின்றிக் கேட்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதால் குன்றுகள் அதை மறைத்துவிடும். மத்திய அலையோ பகலில் தரையை ஒட்டிச் செல்லும், இரவில் வானின் உயரத்திலுள்ள மின்னேற்றக் காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதொலைவை எட்டும் என்றாலும், அப்போது வேற்று நிலையங்களின் ஒலியும் உடன் நுழைந்து தம்புராவின் நாதத்தைக் கலைத்துவிடும். (கர்நாடக இசைப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் பிறந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இது பொறுக்காது!) ஆகவே, 2016 ஜனவரி 26 அன்று தொடங்கப்பட்டு, பெங்களூரிலிருந்து 24 மணி நேரமும் செவ்வியல் இசை வழங்கும் 'ராகம்' அலைவரிசையை ஆகாசவாணியின் கைப்பேசிச் செயலியில் கேட்பதையே பரிந்துரைப்பேன், அதில் இந்துஸ்தானி இசையும் வரும். 1954இல் தொடங்கிய ஆகாசவாணி சங்கீத சம்மேளனக் கச்சேரிகள் ரசிகர்கள் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டுப் பின்னர் ஒலிபரப்பாகுபவை; அவற்றைத் தவறவிடாதீர்கள்.