முதல் மொழியும் நாற்பது பக்க நோட்டும்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. ஐ.டி. முதல் வருடம். பிளஸ் டூவில் பயாலஜி குரூப், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்ததில்லை. காலேஜில் முதல் செமஸ்டருக்கு சி என்ற ப்ரோக்ராம் மொழி நடத்துகிறார்கள். சீனியர்கள் "சி செத்துப் போச்சு, பைத்தான் படி" என்கிறார்கள். ஜாவாதான் வேலை தரும் என்கிறார் மாமா. மூலக்கடை பக்கம் ஒரு சென்டரில் ஃபுல் ஸ்டாக் கோர்ஸுக்கு 6 மாதத்துக்கு 40,000 ரூபாய் கேட்கிறார்கள். அப்பா ஹார்பரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வட்டிக்கு வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார். யூடியூபில் மூன்று மொழிக்கும் வீடியோ பார்த்தேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, லேபில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வரி வருவதில்லை. இங்கிலீஷும் எனக்குச் சுமார்தான். இப்போது ஏஐயே ப்ரோக்ராம் எழுதிவிடுகிறதே, இதையெல்லாம் படிக்கத்தான் வேண்டுமா? எந்த மொழியை முதலில் எடுக்கட்டும்?

ம.

*

அன்புள்ள ம.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன்.

கேள்விகள் நிறைய கேட்டிருக்கிறாய். ஆனால் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது, நடுவே போகிற போக்கில் நீ சொல்லிவிட்டுப் போன ஒரு வாக்கியம்: "பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, லேபில் தனியாக உட்கார்ந்தால் ஒரு வரி வருவதில்லை." சில வாரங்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எந்த மொழி என்பதை முதலில் முடித்துவிடலாம். சி. உன் காலேஜ் அதை நடத்துகிறது என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எதுவும் வேண்டாம். வாரா வாரம் லேப் இருக்கிறது. தப்பைக் காட்டிக் கேட்க ஆள் இருக்கிறது. அதே ப்ரோக்ராமோடு மல்லுக்கட்டும் தோழி பக்கத்து சீட்டில் இருக்கிறாள். செமஸ்டர் பயமும் இருக்கிறது, அதுவும் உதவும். இவ்வளவையும் விட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு வேறொரு மொழியைத் தனியாகப் படிக்க வேண்டாம். காலேஜில் பைத்தான் நடத்தியிருந்தால் பைத்தான் என்றே சொல்லியிருப்பேன். சி செத்துப் போச்சு என்ற சீனியரிடம், அவர் ஓட்டுகிற பைத்தானே எந்த மொழியில் எழுதியது என்று கேட்டுப் பார். சியில்தான். மாமாவின் ஜாவா அடுத்த வருடம் பெரும்பாலும் பாடமாகவே வந்துவிடும், அவரிடம் சரி மாமா என்று சொல்லிவிடு.

அந்த 40,000 ரூபாய் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு லூப் (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது) தனியாக எழுத வராத பெண்ணை ஆறே மாதத்தில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, ஸ்பிரிங், டேட்டாபேஸ் என்று தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். அங்கேயும் பார்க்கும்போது எல்லாம் புரியும்! அப்பாவை வட்டிக்கு வாங்க விடாதே. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால், கையில் காசு சேரும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் ஒன்று பார்க்கச் சொல். 4 ஜிபி ரேம் போதும், சிக்கு அதுவே அதிகம். (சியை 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவாக்கியவர் பெயர் டென்னிஸ் ரிச்சி. நம் தெருவுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி, அவ்வளவுதான்.)

லேபில் நீலத் திரை வந்தால் அது டர்போ சி. டாஸ் என்ற பழைய சிஸ்டம் காலத்துச் சரக்கு. இன்றைய விண்டோஸில் டாஸ்பாக்ஸ் என்ற கூட்டுக்குள் உட்காரவைத்துத்தான் அதை ஓட்டுகிறார்கள். பரீட்சையில் அவர்கள் கேட்கிறபடி எழுது, மார்க்கோடு சண்டை போடாதே. வீட்டில் சி எழுதி ஓட்ட கோட்பிளாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் போட்டுக்கொள். டவுன்லோடு பக்கத்தில் பல ஃபைல் இருக்கும், பெயரில் மிங்டபிள்யூ (mingw) என்று இருப்பதை எடு. மற்றதை எடுத்தால் எடிட்டர் மட்டும் வரும், நீ எழுதியதை மெஷின் ஓட்டும்படி மாற்றுகிற கம்பைலர் வராது. அது தெரியாமல் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பிறகு செட்டிங்ஸில் கம்பைலர் பக்கத்துக்குப் போய் 'மைனஸ் வால்' (-Wall) என்ற கட்டத்தில் டிக் போடு. இஃப் அடைப்புக்குள் == போட வேண்டிய இடத்தில் = போட்டாலும், கீபோர்டில் தட்டியதை வாங்கும் ஸ்கேன்எஃப்பில் & விட்டுப்போனாலும் எச்சரிக்கும்.

இரண்டு இடத்திலும் ஒரே ப்ரோக்ராம் வேறு வேறு விடை தரலாம். டர்போ சியில் இன்ட் (முழு எண்ணை வைக்கும் இடம்) என்பது 2 பைட், 32,767-க்கு மேல் கொள்ளாது. 200-ஐ 200-ஆல் பெருக்கச் சொன்னால் -25,536 என்று காட்டும். வீட்டில் இன்ட் 4 பைட் என்பதால் 40,000 என்று ஒழுங்காக வரும். லேபில் அந்த மைனஸைப் பார்த்ததும் "மேம், சிஸ்டம் சரியில்லை" என்று சீட் மாறுவார்கள். நீ மாறாதே. 2 பைட்டில் மொத்தம் 65,536 எண்களுக்குத்தான் இடம்; 40,000-இலிருந்து 65,536-ஐக் கழித்துப் பார், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

நான் சொல்ல வந்தது இங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் லேப் என்றால் ரெக்கார்டு நோட்டு. போர்டில் இருப்பதைப் பார்த்து டைப் அடி, அவுட்புட் வந்ததும் கையெழுத்து வாங்கு, ரெக்கார்டில் அழகாக எழுது, மாடல் எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணு. இந்த வரிசையில் எந்த இடத்திலும் "இது என்ன காட்டும், சொல்லு பார்ப்போம்" என்று ஒருவரும் உன்னைக் கேட்பதில்லை. வீடியோவும் கேட்பதில்லை. அவர் ரன் அடிக்கிறார், விடை வருகிறது, நீ தலையாட்டுகிறாய். தலையாட்டியதைத்தான் புரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

செரியன் நகர் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கி வந்த பிறகு உன் பக்கத்தில் கேரம் ஆடாத சந்து இருக்காது. ஒரு நாள் நின்று பார். நன்றாக ஆடுகிற பிள்ளை ஸ்ட்ரைக்கரை வைக்கும்போதே, எந்தக் காய் எந்தக் கட்டையில் பட்டு எந்தக் குழிக்குப் போகும் என்று முடிவு பண்ணிவிடும். தவறிப் போனால் எவ்வளவு தவறியது என்று அதற்குத் தெரியும், அடுத்த அடியில் திருத்திக்கொள்ளும். எங்கே போகும் என்று சொல்லாமல் சும்மா அடிக்கிறவனுக்குத் தவறியதே தெரியாது. நீ இப்போது சும்மா அடித்துக்கொண்டிருக்கிறாய்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு பக்கம். ப்ரோக்ராமில் எத்தனை வேரியபிள் (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) உண்டோ அத்தனை கோடு கிழித்து, தலையில் பெயரை எழுது. வரி வரியாகப் போய் யாருடைய மதிப்பு மாறுகிறதோ அதை அடித்துவிட்டுக் கீழே புதியதை எழுது. அடியில், திரையில் என்ன தெரியும் என்று பேனாவால் எழுது. பென்சில் வேண்டாம், அழிக்கத் தோன்றும். அதற்குப் பிறகுதான் எஃப்9, அதாவது ரன்.

ஓர் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுகிற ப்ரோக்ராமை எடுத்துக்கொள், அது எல்லா ரெக்கார்டிலும் இருக்கும். எண், இலக்கம், மொத்தம் என்று மூன்று பத்தி. எண் 427, மொத்தம் 0. லூப்புக்குள் மூன்றே வரி: எண்ணைப் பத்தால் வகுத்த மீதி இலக்கத்துக்குப் போகிறது, இலக்கம் மொத்தத்தோடு சேர்கிறது, எண் பத்தால் வகுக்கப்படுகிறது. முதல் சுற்று முடிந்ததும் இலக்கம் 7, மொத்தம் 7, எண் 42. (42.7 ஆகாது, இன்ட் என்பதால் புள்ளிக்குப் பின்னால் இருப்பது உதிர்ந்துவிடும்.) இரண்டாவதில் 2, 9, 4. மூன்றாவதில் 4, 13, 0. எண் 0 ஆனதும் லூப் நிற்கிறது. விடை 13.

இதோடு நோட்டை மூடிவிட்டால் ரெக்கார்டு எழுதியதற்குச் சமம்தான். இனிமேல் அதைக் கெடுக்க வேண்டும். வகுக்கிற வரியை லூப்பின் முதல் வரியாக மேலே தூக்கிப் போட்டால் என்ன வரும்? ஓட்டாதே, எழுது. எண் 42 ஆன பிறகுதான் மீதி எடுக்கிறாய், அதனால் 7 உன் கைக்கே வராது. 2, அப்புறம் 4, அப்புறம் 0. விடை 6. மொத்தம் = 0 என்ற வரியை எடுத்துவிட்டால்? அந்த இடத்தில் ஏற்கெனவே என்ன குப்பை கிடந்ததோ அதோடு கூடும். சில சமயம் சரியான விடையே வந்து உன்னை ஏமாற்றும், நாளைக்கு வேறு காட்டும்.

இன்னொன்று. கடைசியில் "427-இன் கூட்டுத்தொகை 13" என்று காட்ட, அந்த 427 வரவேண்டிய இடத்தில் எண் என்ற வேரியபிளையே போட்டுப் பார். "0-இன் கூட்டுத்தொகை 13" என்று வரும். உன் பத்தியின் கடைசி வரியில் எண் 0 என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய் பார். இப்போது ரெக்கார்டைத் திருப்பி பாலிண்ட்ரோம், ஆம்ஸ்ட்ராங் இரண்டையும் எடு. இரண்டிலும் தொடக்கத்தில் டெம்ப் = என் (temp = n) என்று ஒரு வரி இருக்கும். பரீட்சையில் விட்டுப்போவது அந்த வரிதான். மனப்பாடம் பண்ணியவர்களுக்கு அது எதற்கு என்றே தெரியாது, அதனால்தான் விட்டுப்போகிறது. 121-ஐத் திருப்பினாலும் 121 வருகிறது. ஆனால் ஒப்பிடும் நேரத்தில் என் என்பதில் மிச்சமிருப்பது 0. 0-வும் 121-ம் சமமில்லை என்பதால், பாலிண்ட்ரோம் இல்லை என்று கூசாமல் சொல்லும். ஆம்ஸ்ட்ராங்கில் 153-க்கும் இதே கதி. ஒவ்வொரு இலக்கத்தையும் மூன்று முறை பெருக்கி வந்த 1, 125, 27 மூன்றும் கூடி 153 என்று சரியாக வந்த பிறகும் இல்லை என்று காட்டும். டெம்ப் அந்த அசல் எண்ணைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளும் இடம். நோட்டில் ஒரு தரம் போட்டவள் இதை மறக்கமாட்டாள்.

நீ எழுதியதும் திரையில் வந்ததும் வேறாக இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுது. தமிழில் எழுது, யார் திருத்தப்போகிறார்கள்? உதாரணத்துக்கு ஒன்று உனக்குக் கட்டாயம் நடக்கும். எண் ஒன்றை வாங்கிவிட்டு, தொடரலாமா என்று ஓர் எழுத்தைக் கேட்கும் ப்ரோக்ராம் உன் பதிலுக்கு நிற்காமல் ஓடிவிடும். எண்ணுக்குப் பின் நீ தட்டிய என்டர் உள்ளேயே காத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஸ்கேன்எஃப் அதையே எழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. பர்சென்ட் சி-க்கு (%c) முன்னால் ஓர் இடைவெளி விட்டால் சரியாகிவிடும்.

இங்கிலீஷ் பற்றிப் பயப்படாதே. கம்பைலருக்குத் தெரிந்த இங்கிலீஷ் ரொம்பக் கொஞ்சம். அன்டிக்ளேர்டு என்றால் அந்தப் பெயரை நீ அறிவிக்கவில்லை, அல்லது ஸ்பெல்லிங் மாறிவிட்டது. செமிகோலனைக் காணோம் என்று அது காட்டுகிற வரியில் குறையில்லையென்றால் அதற்கு முந்தைய வரியின் கடைசியைப் பார். முப்பது பிழை காட்டினாலும் முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் பண்ணு, மற்றதில் பாதி தானே போய்விடும்.

ஏஐ எழுதிக் கொடுப்பதும் பார்க்கும்போது புரிகிற மாதிரித்தான் இருக்கும். அதையும் நோட்டில் போடு, அப்புறம் பேசலாம்.

செமஸ்டர் லீவில் பைத்தானைத் தொடு, அதற்கு முன்னால் வேண்டாம். தொட்ட அன்றைக்கு இதைச் செய். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைச் சியிலும் கேள், பைத்தானிலும் கேள். சி ஃபைலை யூடிஎஃப்-8 (தமிழ் எழுத்தை பைட்டுகளாக எழுதும் முறை) ஆகச் சேமித்துக்கொள். திரையில் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் விட்டுவிடு, எண்ணிக்கை சரியாகவே வரும். சி 15 என்னும். பைத்தான் 5 என்னும். ஒன்றாம் வகுப்பில் 3 என்று சொல்லிக்கொடுத்தார்கள். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது பைத்தான். அதில் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட் பிடிக்கிறது, சி அந்த பைட்டுகளை எண்ணுகிறது. அடுத்து தண்டையார்பேட்டை. பேனாவை எடுத்து மூன்று எண்ணையும் முதலில் எழுதிவிட்டு ஓட்டு. வட்டம் போட்ட பக்கம் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா