புகையை விழுங்குவதில்லை, பிறகென்ன?

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் நான், வயது 61, பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். சிகரெட்டை விட்டு 9 ஆண்டுகள் ஆகின்றன. இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒரு சுங்கானும் (புகைக்கும் பைப்), வெண்ணிலா மணமுள்ள புகையிலைப் பொட்டலமும் கொடுத்தார். மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று மாலை பின்வாசலில் உட்கார்ந்து பிடிக்கிறேன். புகையை உள்ளே இழுப்பதில்லை. வாயில் வைத்திருந்து ஊதிவிடுகிறேன். நாக்கு நுனி எரிகிறது. மேல்வாய் வெளுத்து, நடுவே சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றன. மணம் நன்றாக இருக்கிறது என்று பேரன்கூட ஓடி வருகிறான். இதில் ஆபத்து உண்டா? மீதிப் புகையிலையை என்ன செய்வது?

பதில்: முதலில் மேல்வாயைப் பார்ப்போம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளம் சுங்கான் பிடிப்பவர்களிடம் நாங்கள் பார்த்துப் பழகிய ஒன்று. சூடான புகை ஓயாமல் மோதுவதால் அண்ணம் தடித்து வெளுக்கிறது. அங்குள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் வீங்கிச் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அதுவாக இருந்தால், புகையை நிறுத்திய இரண்டொரு வாரத்தில் பெரும்பாலும் மறையத் தொடங்கும். ஆனால் நேரில் பார்க்காமல் அதுதான் என்று கடிதத்தில் முத்திரை குத்த மாட்டேன். பல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

அதற்கு முன் நீங்களும் ஒரு முறை பாருங்கள். கண்ணாடி முன் நின்று, கைவிளக்கை வாய்க்குள் அடித்து, நாக்கை மேலே தூக்கி அதன் அடியையும் இரு ஓரங்களையும் பாருங்கள். கன்னத்தின் உட்பக்கத்தை விரலால் இழுத்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ, கட்டியோ இருந்தால் பல் மருத்துவரிடம் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எதையும் சதைப் பரிசோதனை வரை கொண்டு போக வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு வாய்ப்புண் ஆறுவது மெதுவாகலாம் என்று நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் எனக்குப் பயம்.

இனி, “உள்ளே இழுப்பதில்லை” என்ற வாதத்துக்கு வருகிறேன். சுங்கான் புகை பொதுவாகச் சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, கூடியது. காரம் கூடினால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும்; நுரையீரல் வரை போக வேண்டியதில்லை. நம் பாட்டிமார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் புகையிலையை அடக்கிக்கொண்டார்களே, அதிலும் இதே வேதியியல்தான். சுண்ணாம்பின் காரம் புகையிலையின் சத்தைக் கன்னத்துக்குள் இறக்கியது. அவர்கள் ஒரு துளிப் புகையும் விழுங்கவில்லை. ஆனாலும் இந்த நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களையே அதிகம் தாக்கியது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கமே அதற்கு முக்கியக் காரணம். பினாங்கு என்று பாக்கு மரத்தின் மலாய்ப் பெயரையே தாங்கிய தீவில் உட்கார்ந்துகொண்டு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுங்கானுக்கும் இது புதிய குற்றச்சாட்டு அல்ல. 1964-இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட அறிக்கையே அதை உதட்டுப் புற்றுநோயோடு சேர்த்துச் சொன்னது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாம் அதே வரிசையில்தான் இருக்கின்றன. இன்னொன்று: முன்பு சிகரெட் பிடித்தவர்கள் சுங்கானுக்கு மாறினால் பழைய பழக்கத்தில் தங்களை அறியாமலே புகையை உள்ளே இழுத்துவிடுகிறார்கள். நீங்கள் இழுப்பதில்லை என்று எழுதியிருப்பதை நம்புகிறேன். உங்கள் நெஞ்சை அவ்வளவாக நம்பவில்லை. ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கிறது. சுங்கானின் கிண்ணத்தில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நிரப்பி, முக்கால் மணி நேரம் பிடிக்கிறீர்கள்.

வெண்ணிலா மணம் இலையில் விளைந்ததல்ல. இலையை நீராவியில் வேகவைத்து, அழுத்திக் கருக்கவைத்து, இனிப்பு ஊட்டுவார்கள்; கேவண்டிஷ் என்பது அப்படிப் பதப்படுத்திய வகை. அதன்மேல் வாசனையைத் தெளிப்பார்கள். காய்ந்துவிடாமல் இருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பதும் உண்டு. ஈரம் மிகுந்த இலை அடிக்கடி அணையும். அணையாமலிருக்க வேகவேகமாக இழுப்பீர்கள். புகையோடு நீராவியும் சேர்ந்து நாக்கைச் சுடும். உங்கள் நுனிநாக்கு எரிவது பெரும்பாலும் இதனால்தான். தொண்டையில் உறைக்க வேண்டிய புகையை இனிப்பு மறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவதில்லை. பேரன் முகர்வதும் அந்தப் புகையைத்தான்.

வாரம் இரண்டு மூன்று முறைதானே என்பீர்கள். தினமும் பிடிப்பவரைவிட ஆபத்து குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் 9 ஆண்டுகள் பூட்டிவைத்த கதவு இது. நிக்கோட்டின் ருசி கண்ட மூளை பழையதை மறப்பதில்லை. மாலை நெருங்கும்போது கை சுங்கானைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். தேடினால் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் புகை நிறுத்த ஆலோசனை கேளுங்கள், அங்கே அதற்கென்றே சேவை இருக்கிறது. இனிப்பு நீருக்காகப் பார்க்கும் மருத்துவரிடமும் இதை மறைக்க வேண்டாம். புகைப்பழக்கம் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும், கால் ரத்தக் குழாய்களையும் விட்டுவைக்காது.

மீதிப் பொட்டலத்தை நண்பரின் மனம் கோணும் என்று அலமாரியில் வைக்காதீர்கள். வேறு யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். பழைய தேயிலைச் சக்கையோடு பிசைந்து, பையில் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். சிறு குழந்தை புகையிலையை வாயில் போட்டுக்கொண்டால் நஞ்சேறும். உங்கள் பேரனுக்கு அந்த மணம் மிட்டாய் மணமாகத்தான் தெரியும்.