மாம்பலம் வீட்டை விற்றாயிற்று, அடுத்து எங்கே?

ஐயா, விற்ற பணத்தில் கோவை முதியோர் குடியிருப்பில் வீடு வாங்குவதா, டெபாசிட் கட்டித் தங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, பையன் அமெரிக்காவில் என்றும் எழுதியிருந்தீர்கள்.

உடனே வாங்காதீர்கள். முதலில் ஒரு மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். என் பெரியப்பா கோவை வடவள்ளிப் பக்கம் இப்படியொரு குடியிருப்பில், தோட்டத்தைப் பார்த்து மயங்கி வீடு வாங்கினார். மூன்றாம் மாதமே மெஸ் சாப்பாடு அலுத்துவிட்டது. விற்கலாமென்றால், வாங்குபவருக்கும் வயது வரம்பு இருந்ததால் ஆள் கிடைக்கவில்லை.

மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், ஒருவர் காலமானால் மற்றவருக்கு என்ன உரிமை, படுக்கையில் விழுந்தால் அங்கேயே பார்ப்பார்களா? மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை உதவாது. லிஃப்ட், குளியலறைக் கைப்பிடியை வீட்டம்மாவே பார்க்கட்டும்.

அப்புறம் வரி. வீடு விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரியில் விலக்கு வேண்டுமானால் விற்ற 2 ஆண்டுக்குள் வீடு வாங்க வேண்டும். குடியிருப்பில் தங்கக் கட்டும் டெபாசிட் அந்தக் கணக்கில் வராது. வீடு வாங்கும்வரை, வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு திறந்து பணத்தைப் போட்டுவிடுங்கள். ஆடிட்டரிடம் இந்த வாரமே பேசுங்கள்.