கட்டிலுக்கு அடியில் கை விடாதீர்கள்: பயந்த பூனைகள் பற்றிய கேள்வி பதில்

பல பூனைகள் இருக்கும் அடுக்ககத்தில் ஒரு பூனை மட்டும் பயந்துபோய் ஒளிந்தே கிடக்கிறது என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். யாரும் எடுத்துப்போக முன்வராத, மிரண்ட பூனைகளை வீட்டில் வைத்துப் பழக்கி, பிறகு நல்ல வீடாகப் பார்த்து அனுப்புவதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருந்து கேட்பவர்களை மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

கருப்பியின் அம்மா: அக்கா, வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள். போன வாரம் இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்றைத் தத்தெடுத்தோம். வந்ததும் சோபாவுக்குப் பின்னால் போனவள்தான், இன்னும் வெளியே வரவில்லை. ராத்திரி நாங்கள் தூங்கியதும் வந்து சாப்பிடுகிறாள் என்று நினைக்கிறேன். என்ன செய்யலாம்?

அவள் சாப்பிடுகிறாளா என்று முதலில் உறுதியாகத் தெரிந்தாக வேண்டும். மூன்று பூனைகள் நடமாடும் வீட்டில் காலிக் கிண்ணத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். குண்டான பூனைகளுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அதனால் அவளுக்கென்று ஓர் அறையை ஒதுக்கிக் கதவைச் சாத்திவிடுங்கள். சிறிய அறையே நல்லது. முழு வீட்டையும் ஒரே நாளில் பழகிக்கொள்ள அவளால் முடியாது. ஒரு மூலையில் சாப்பாடு, தண்ணீர். எதிர் மூலையில் லிட்டர் பாக்ஸ், அதாவது அவள் மலஜலம் கழிக்க மணல் போட்ட தட்டு. நடுவில் சுவரோரமாக ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் வாசல் வெட்டி, உள்ளே பழைய துணி போட்டு வையுங்கள். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த பூனைகளில் பாதிக்கு மட்டும் பதுங்குபெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வெளியானது. பெட்டி கிடைத்த பூனைகள் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதியடைந்தன. ஒளிந்துகொள்வது பூனை தன் பயத்துக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம்.

அந்த அறைக்குத் தினமும் ஒரே நேரத்தில் போங்கள். தரையில், அவளுக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் எதையாவது வாசியுங்கள். நேருக்கு நேர் உற்றுப் பார்க்க வேண்டாம். கண்கள் சந்தித்துவிட்டால் மெதுவாக மூடித் திறங்கள். மனிதர் அப்படிக் கண்ணை மூடித் திறந்தால் பூனைகளும் பதிலுக்கு அப்படியே செய்கின்றன, அந்த மனிதரிடம் வரவும் தயங்குவது குறைகிறது என்று 2020-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அவளுக்குப் பிடித்த தின்பண்டம் ஒன்றைப் பெட்டியருகே உருட்டிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கையை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அவள் உங்கள் முன்னால் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் மற்ற பூனைகளைப் பற்றியே யோசிக்க வேண்டும். அப்போதும் வாசனைதான் முதலில். ஒரு துணியால் அவள் கன்னத்தைத் தடவி மற்றவர்கள் படுக்கும் இடத்தில் போடுங்கள். அவர்களுடைய துணி இவள் அறைக்கு வரட்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. பிறகு கதவில் விரற்கடை இடைவெளி. யாராவது சீறினால் ஒரு படி பின்வாங்குங்கள். இதற்கெல்லாம் வாரக்கணக்காகும், சில பூனைகளுக்கு மாதக்கணக்காகும்.

நான்கு வால் வீடு: நாலு பூனைக்கு இரண்டு லிட்டர் பாக்ஸ் போதுமா?

போதாது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், ஐந்து. வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வெவ்வேறு இடத்தில் வையுங்கள்.

புலியின் அப்பா: எங்கள் ஆண் பூனை நேற்றிலிருந்து அலமாரிக்குள் ஒளிந்திருக்கிறான். அடிக்கடி லிட்டர் பாக்ஸில் போய் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான், ஆனால் மணல் காய்ந்தே இருக்கிறது. பயத்தினால்தானே?

இதைப் படித்ததும் கிளம்புங்கள். காலை வரை காத்திருக்க வேண்டாம். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, இதயமே நின்றுவிடும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், சில பூனைகளுக்கு அதற்கும் முன்பே. இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எதுவோ அங்கே போங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன். ஒளிந்திருப்பது ஆண் பூனை என்றால் சிறுநீர் போகிறதா என்று தினமும் பாருங்கள்.

அனுபவஸ்தன்: அக்கா சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இப்படிச் செல்லம் கொடுத்தால் பூனை வருடக்கணக்கில் ஒளிந்தேதான் இருக்கும். எங்களுக்கு ஒரே பூனை. நாங்கள் எல்லா இடுக்கையும் அடைத்துவிட்டோம். தினமும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டோம். ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது.

அடங்கியதா, உறைந்ததா? மடியில் இருக்கும்போது கண்மணி விரிந்திருக்கிறதா, காது பின்னால் மடிந்திருக்கிறதா, நாலு காலையும் உடம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு பம்முகிறதா, மூச்சு வேகமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓட வழியில்லை என்று தெரிந்த பூனை அசையாமல் கிடக்கும். வெளியிலிருந்து பார்க்க அது அமைதி மாதிரியே இருக்கும்.

அனுபவஸ்தன்: அதெல்லாம் இல்லை. இப்போது மடியிலேயே தூங்குகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

தானாக ஏறி வந்து தூங்கினால் எனக்கும் சந்தோஷம்தான். நீங்களே சோதித்துப் பாருங்கள். அறையில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, தள்ளி உட்காருங்கள், கூப்பிடாதீர்கள். அது பெட்டிக்குப் போகிறதா, உங்களிடம் வருகிறதா?

நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வாஷிங் மெஷினுக்கு அடியில், சோபாவின் கிழிந்த அடித்துணிக்குள் என்று ஆபத்தான இடுக்குகளைப் பூனை வருவதற்கு முன்பே அடைத்துவிட வேண்டும். ஆனால் அடைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஈடாகப் பாதுகாப்பான பதுங்குமிடம் ஒன்று கொடுக்க வேண்டும். இன்னொன்று, உங்களுக்கு இருப்பது ஒரே பூனை. இங்கே கேட்பவர்கள் வீட்டில் மூன்று, நாலு. பதுங்க இடமில்லாத புதுப் பூனையை மற்றவை நட்டநடுக் கூடத்தில் வைத்து மடக்கும். அப்படி நடந்த ஒரு சண்டையை மறக்கவைக்க மாதங்கள் ஆகும்.

செவலைக்காரி: அனுபவஸ்தன் சொன்ன மாதிரிதான் நானும் இழுத்தேன். விரலில் ஆழமாகப் பல் பதிந்துவிட்டது. காயம் சின்னதுதான். விட்டுவிடலாமா?

கூடாது. பூனைப்பல் ஊசி போன்றது. மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். ரேபிஸ் ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள். இதற்காகத்தான் கையை விடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அனுபவஸ்தன்: சரி, அப்படியே விட்டால் எப்போதுதான் வெளியே வரும்?

அப்படியே விடச் சொல்லவில்லையே. தினமும் போய் உட்காரச் சொன்னேன். தின்பண்டம் விழும் இடத்தை நாளுக்கு ஒரு சாண் உங்கள் பக்கம் நகர்த்துங்கள். அவள் வருவாள். இந்த விஷயத்தில் இதற்கு மேல் வாதம் வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மூன்றாம் மாடி: எங்கள் பழைய பூனை புதியவளை அடிப்பதே இல்லை. வெறுமனே நடைவழியில் படுத்திருக்கிறது. ஆனாலும் புதியவள் கட்டிலடியை விட்டு வருவதில்லை. ஏன்?

நல்ல கேள்வி, பலர் கவனிக்காமல் விடுவது. அந்தப் படுக்கைதான் அடி. நடைவழி எங்கே போகிறது? சாப்பாட்டுக்கோ லிட்டர் பாக்ஸுக்கோ போகும், இல்லையா? உங்கள் பழைய பூனை வழியை மறித்துப் படுத்து உற்றுப் பார்க்கிறது. சத்தமும் இல்லை, ரோமமும் பறக்கவில்லை, அதனால் மனிதருக்குச் சண்டையாகத் தெரிவதில்லை. புதியவளுக்கோ அந்தப் பார்வை ஒன்றே போதும். சிறுநீரை அடக்கிக்கொண்டு கிடப்பாள். அந்த மன அழுத்தமே சிறுநீர்ப்பை வீக்கத்தைக் கிளப்பிவிடும், பிறகு உங்கள் மெத்தையில் போவாள், நீங்கள் அவளைத் திட்டுவீர்கள்.

பழையதையும் திட்டாதீர்கள். எழுப்பிவிட நூல் கட்டிய பொம்மையை வேறு பக்கம் இழுங்கள். புதியவள் இருக்கும் பக்கமே சாப்பாடு, தண்ணீர், லிட்டர் பாக்ஸ் மூன்றும் வையுங்கள். ஒரே வாசல் உள்ள மூலையில் எதையும் வைக்காதீர்கள். அடுக்ககத்தில் தரை குறைவு, சுவர் நிறைய உண்டு. அலமாரி உச்சி, ஜன்னல் திண்டு, இரண்டு பலகை என்று மேலே ஒரு பாதை அமைத்துக் கொடுங்கள். ஏற ஒரு வழி, இறங்க வேறொரு வழி இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒரு மாற்றமே பாதிப் பயத்தைக் குறைத்துவிடுகிறது.

வெள்ளையம்மா: கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூனையை எப்படி வெளியே எடுப்பது?

எடுக்கக் கூடாது. முதல் பதிலைப் படியுங்கள்.

ஜன்னலோரம்: பூனைகளின் இயற்கை வாசனையைப் போன்ற ஒன்றை அறையில் பரப்பி அவற்றை அமைதிப்படுத்தும் ஃபெரோமோன் டிஃப்யூசர் வேலை செய்யுமா?

சில பூனைகளுக்கு உதவுகிறது. வழிமறிக்கும் பூனையை அது நகர்த்தாது. அதற்குப் பதிலாக வாசனை எண்ணெய் எதையும் ஏற்றாதீர்கள். டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு விஷம்.

மணியின் அக்கா: மிகவும் நடுங்குகிறது. எங்கள் வீட்டில் இருக்கும் மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

மனித மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பயத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, மருத்துவரே எடை பார்த்துத் தருவார்.

பாட்டிப் பூனை: எட்டு வருடம் எல்லோரோடும் இருந்தவள், இந்த வாரம் திடீரென அலமாரிக்குள் போய் ஒளிகிறாள்.

அது பயம் இல்லை, நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பல்வலி, மூட்டுவலி, சிறுநீரகம், எதுவாகவும் இருக்கலாம். தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். முப்பதைத் தாண்டினால் அன்றே மருத்துவரிடம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அந்த நிமிடமே.

தெருவிலிருந்து வந்தவன்: ஆறு மாதக் குட்டியை வெளியிலிருந்து எடுத்தேன். மடியில் உட்காருமா?

மனிதரை நம்பக் கற்கும் முக்கியமான பருவம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அது கடந்துவிட்டது. உங்களோடு ஒரே அறையில் நிம்மதியாக இருக்கும், பக்கத்தில் வந்து சாப்பிடும். மடிக்கு வராமலே போகலாம். அதற்காக அதை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ரோஜாவின் வீட்டார்: சோபாவுக்கு அடியிலிருந்து இழுக்க ஏதாவது…

வேண்டாம். மேலே இருப்பதைப் படியுங்கள்.

இரட்டைவால்: தடுப்பூசிக்குக் கொண்டுபோக வேண்டும். பூனையை எடுத்துப்போகும் பெட்டியான கேரியரைப் பார்த்தாலே காணாமல் போகிறாள்.

ஊசிக்கு இன்னும் நாள் இருந்தால் கேரியரைப் பரணிலிருந்து இறக்கி, மேல்மூடியைக் கழற்றி, அவள் துணியைப் போட்டு அறையிலேயே வைத்துவிடுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். அவள் அதில் தூங்கத் தொடங்கியதும் மூடியை மாட்டுங்கள், சில நாள் கழித்துக் கதவையும். நாளைக்கே போக வேண்டும் என்றால், இரவே அவளைக் கட்டில் இல்லாத சின்ன அறையில் விட்டு, காலையில் பெரிய துண்டால் முழுதாகப் போர்த்தித் தூக்கி, மேலிருந்து இறக்குங்கள். கேரியரின் மேல் துண்டைப் போட்டு மூடியே கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் மருத்துவமனை வாசனை போகும்வரை மற்ற பூனைகளோடு விடாதீர்கள். நன்றாகப் பழகிய பூனைகள்கூட அந்த வாசனைக்குச் சீறும்.