டிரம் செட்டில் டாம்பரின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் இசைக்குழுவில் நான் டிரம் செட் வாசிக்கிறேன். மற்ற தாளக் கருவிகளை வாசிக்கத் தனியாக ஒருவர் இல்லாததால், டாம்பரினை (உலோகச் சில்லுகள் பதித்த வளையம்) என் செட்டிலேயே பொருத்தி நானே வாசித்துவிடலாம் என்று நினைக்கிறேன். எங்கே, எப்படிப் பொருத்துவது?

பதில்: அதைக் காலால் ஒலிக்கச் செய்யப்போகிறீர்களா, ஸ்டிக்கால் அடிக்கப்போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்; இடம் தானாகவே அமைந்துவிடும். (உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில் ‘தம்புரா’ என்று எழுதியிருந்தீர்கள். அது நான்கு தந்திகளோடு சுருதி சேர்க்கும் கருவி; அதை யாரும் ஸ்டிக்கால் அடிக்காமல் இருந்தால் சரி.)

காலால் என்றால், ஹை-ஹேட் (பெடலை மிதித்தால் ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிம்பல் தட்டுகள்) ஸ்டாண்டின் நடுவே மேலும் கீழும் இயங்கும் தண்டுதான் வழக்கமான இடம். மேல் சிம்பலைப் பிடித்திருக்கும் கிளட்சுக்கு மேலே மீதமிருக்கும் தண்டில் டாம்பரினைக் கோத்து அதன் திருகை இறுக்கிவிட்டால், பெடலை மிதிக்கும்போது அதுவும் தண்டோடு சேர்ந்து இறங்குகிறது. இரண்டு சிம்பல்களும் மோதித் தண்டு சட்டென்று நிற்கும் கணத்தில், சில்லுகள் குலுங்கி ஒலிக்கின்றன. இதற்கென்றே நடுவில் துளையும் திருகும் கொண்ட சிறிய டாம்பரின்கள் செய்யப்படுகின்றன. கையில் பிடித்துக் குலுக்கும் பெரிய வளையத்தைக் கயிற்றால் கட்டிச் சமாளிக்கலாம் என்று எண்ணாதீர்கள். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்டு உரசத் தொடங்கிவிடும்.

ஸ்டிக்கால் அடிப்பதென்றால், கவ்வியோடு வரும் டாம்பரினைச் சிம்பல் ஸ்டாண்டின் நிலையான குழாயில் மாட்டலாம். ஹை-ஹேட்டில் வாசித்துக்கொண்டிருக்கும் கை, தோளைத் தூக்காமல் சென்று தொடக்கூடிய உயரத்தில் அது இருக்க வேண்டும். முனையால் தட்டினால் ஒலி மெலிதாகவே வரும். ஸ்டிக் கூம்பத் தொடங்கும் தோள்பகுதியால் சட்டத்தை அடித்தால்தான் சில்லுகள் முழுமையாகப் பேசும்.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். தரையில் வைக்கும் ஒரு தாங்கியில் டாம்பரினைப் பொருத்தி, அதன் முன்னால் பேஸ் டிரம் (செட்டின் பெரிய டிரம்) பெடல் ஒன்றை வைத்து, ஹை-ஹேட் பெடலுக்கு இடப்புறம் அமைத்துக்கொள்வது. இடது கால் இரண்டு பெடல்களுக்கிடையே நகரப் பழக வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ஹை-ஹேட் தன் இயல்பு மாறாமல் இருக்கும், டாம்பரினும் நீங்கள் மிதித்தால் மட்டுமே ஒலிக்கும். இப்படி ஒட்டுப்போடுவது செட்டின் மரபுக்கு ஒவ்வாதோ என்று தயங்க வேண்டாம். டிரம் செட்டே ஒட்டுப்போட்டு உருவானதுதான்: அமெரிக்க டிரம் தயாரிப்பாளர் வில்லியம் லட்விக் 1909இல் காப்புரிமை பெற்ற பெடல், பேஸ் டிரம்மைக் கையிலிருந்து காலுக்கு மாற்றியது, 1920களின் வாசிப்பாளர்கள் அந்த டிரம்மின் விளிம்பிலேயே மரக்கட்டைகளையும் மாட்டுமணிகளையும் தொங்கவிட்டிருந்தார்கள், ஹை-ஹேட் அதற்குப் பிறகுதான் இன்றைய உயரத்துக்கு வந்து சேர்ந்தது.

கேள்வி: ஹை-ஹேட் தண்டில் டாம்பரினை மாட்டிய பிறகு பெடல் மந்தமாகிவிட்டது. காலை எடுத்தாலும் சிம்பல் உடனே திறப்பதில்லை. ஸ்டாண்டை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். தண்டையும் மேல் சிம்பலையும் தூக்கி நிறுத்துவது ஸ்டாண்டுக்குள் இருக்கும் சுருள்வில்தான். அது இப்போது டாம்பரினின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான ஸ்டாண்டுகளில் இந்த வில்லின் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் மிதித்துப் பாருங்கள். சிம்பல் பழைய வேகத்தில் எழும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அளவுக்கு மீறி விறைப்பாக்கினால் கால் வலி எடுக்கும். மெல்லிய, எடை குறைந்த மேல் சிம்பலைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த மாற்றம் அதிகமாகத் தெரியும். ஏனெனில் தூக்கப்படும் மொத்த எடையில் டாம்பரினின் பங்கு அங்கே பெரிது.

கூடவே ஓர் எச்சரிக்கை. தொடர்ந்து அதிர்ந்துகொண்டிருக்கும் தண்டில் எந்தத் திருகும் தளரும். ஒரு மேடையில், பாட்டின் நடுவே என் டாம்பரின் மெல்ல வழுக்கி இறங்கிக் கிளட்சின் மேல் உட்கார்ந்துகொண்டது. அதன்பின் நான் அடித்த ஒவ்வொரு ஹை-ஹேட் அடிக்கும் தகர டப்பா உருளும் ஓசை துணை வந்தது. அன்றிலிருந்து, வாசிக்க உட்காரும்முன் கிளட்சையும் இந்தத் திருகையும் சேர்த்தே இறுக்கிப் பார்க்கிறேன்.

கேள்வி: தோல் பொருத்திய டாம்பரின் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதையே செட்டில் பயன்படுத்தலாமா?

பதில்: விரலுக்காகச் செய்த தோல் ஸ்டிக்கின் அடியை நெடுநாள் தாங்காது, மரச்சட்டமும் அடிபடும் இடத்தில் பிளக்கும். செட்டுக்குத் தோலில்லாத, கடினமான பிளாஸ்டிக் சட்டமுள்ள டாம்பரினே பொருத்தம். சில்லுகளின் உலோகத்தையும் கவனியுங்கள்: எஃகுச் சில்லுகள் கூர்மையாக ஒலித்து மற்ற ஓசைகளைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், பித்தளைச் சில்லுகளின் ஒலி சற்று இருண்டு, கனிந்து இருக்கும். உங்கள் சிம்பல்கள் ஏற்கெனவே கூர்மையாக ஒலிப்பவை என்றால் பித்தளையையே எடுங்கள்.

கேள்வி: ஹை-ஹேட்டில் டாம்பரின் பொருத்தியிருக்கிறேன். பாட்டு முழுவதும் ஒரே கலகலப்பாக இருக்கிறது என்று பாடகர் குறைசொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பாடகர் சொல்வது நியாயம்தான். பொருத்துவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒலிக்கக் கூடாத இடத்தில் அதை ஒலிக்காமல் வைத்திருப்பதுதான் வித்தை. தண்டில் மாட்டிய டாம்பரின் கால் இறங்கும்போது மட்டுமல்லாமல், காலைத் தூக்கித் தண்டு மேலெழுந்து நிற்கும்போதும் சிறிது குலுங்குகிறது. ஹை-ஹேட்டை மூடி வைத்து ஸ்டிக்கால் வாசிக்கும்போதுகூட, ஒவ்வோர் அடியின் அதிர்வும் தண்டு வழியாகச் சில்லுகளை எட்டுகிறது. ஆகவே நீங்கள் டாம்பரின் வாசிப்பதாக நினைக்காத நேரத்திலும் அது வாசிக்கப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது, பாடகரின் காதில்.

இதில் நேரக் கணக்கும் ஒன்று உண்டு. சில்லுகள் அடித்ததும் அடங்குபவை அல்ல. ஒன்றோடொன்று மோதி ஓயும்வரை ஒலியின் வால் நீளும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 500 மில்லிவினாடி இருக்கிறது. அந்த இடைவெளியில் வால் அடங்கிவிடும், அடியும் தெளிவாகக் கேட்கும். அதே வேகத்தில் ஓர் அடிக்கு இரண்டு முறை மிதித்தால் இடைவெளி 250 ஆகக் குறைகிறது. 180 அடி வேகத்தில் அப்படி மிதித்தால் ஏறத்தாழ 167தான். முந்தைய குலுக்கலின் வால்மீதே அடுத்த குலுக்கல் விழும்போது தாளம் மறைந்து வெறும் இரைச்சல் மிஞ்சுகிறது. வேகமான பாட்டுகளில் இரண்டாம், நான்காம் அடிகளுக்கு மேல் காலை இறக்காமல் இருப்பதே போதுமான மருந்து.

அதற்கும் மேல் அடக்க வேண்டுமென்றால், சில ஜோடிச் சில்லுகளை ஒட்டுநாடாவால் கட்டிவிடுங்கள். பாதிச் சில்லுகள் ஊமையானாலும் அடியின் அடையாளம் குறைவதில்லை, வால் மட்டும் சுருங்குகிறது. சரணங்களின்போது டாம்பரினுக்கு இடமில்லை, பல்லவிக்கு மட்டும் வேண்டும் என்று முடிவு செய்தால், முன்பு சொன்ன தனிப் பெடலுக்கு மாறிவிடுவது நல்லது. ஏனென்றால், பாட்டின் நடுவே கையை நீட்டித் திருகைக் கழற்றுவது நடக்கிற காரியமல்ல. பெடலுக்கு இடமில்லாதவர்கள், நிலையான குழாயில் மாட்டிய டாம்பரினைப் பல்லவியில் மட்டும் ஸ்னேர் டிரம்மின் அடியோடு மற்றொரு கையால் சேர்த்து அடிக்கலாம். அந்த இரண்டு அடிகளும் துல்லியமாக ஒரே கணத்தில் விழ வேண்டும்; சற்றுப் பிசகினால் இரட்டை அடியாகக் கேட்கும். மெட்ரோனோம் வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் பழகாமல் இது கைவராது.

கேள்வி: மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் 1960களின் பதிவுகளில் ஸ்னேரோடு ஒட்டிக்கொண்டே டாம்பரின் கேட்கிறது. செட்டில் பொருத்தி அந்த ஒலியைக் கொண்டுவர முடியுமா?

பதில்: அருகில் போகலாம்; அதே ஒலி வராது. டெட்ராய்ட்டில் பதிவான அந்தப் பாடல்களில் டாம்பரினை டிரம் வாசித்தவர் வாசிக்கவில்லை. மோட்டவுனின் பதிவுக்கூட இசைக்குழுவான ஃபங்க் பிரதர்ஸைச் சேர்ந்த ஜாக் ஆஷ்ஃபோர்டு அதைத் தனியே கையில் பிடித்து வாசித்தார். மனிதக் கை ஒவ்வோர் அடியையும் வெவ்வேறு அழுத்தத்தில் தரும், அடிகளுக்கிடையே மெல்லிய குலுக்கல்களை இட்டு நிரப்பும். ஹை-ஹேட் தண்டு ஒரே பாதையில் ஏறி இறங்குவதைத் தவிர வேறொன்றும் அறியாது.

பதிவுக்கூடம் செல்வதாக இருந்தால், செட்டிலிருந்து டாம்பரினைக் கழற்றிவிட்டுப் போங்கள். அதன் ஒலி மிக உயர்ந்த அதிர்வெண்களில் பரவுவதால், தலைக்கு மேலே தொங்கும் சிம்பல் மைக்குகள் அனைத்திலும் புகுந்துவிடும். பிறகு டாம்பரினைக் குறைக்க வேண்டுமென்றால் சிம்பல்களையும் சேர்த்துத்தான் குறைக்க முடியும். டிரம் பதிவு முடிந்த பிறகு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டே டாம்பரினைக் கையில் பிடித்துத் தனித் தடத்தில் வாசியுங்கள். மைக்கிலிருந்து ஓரடியாவது தள்ளி நில்லுங்கள்; மிக அருகில் குலுக்கினால் சில்லுகள் பதிவில் கரகரக்கும்.